வெண்ணெய் பூசிய கண்

பட்டிக்குள் பதினோரு வெள்ளாடுகள் செத்துக் கிடந்தன. தின்னப்பட்டிருந்தது ஒன்றில் பாதிதான். மற்றவை கழுத்தில் இரண்டிரண்டு துளைகளோடு, உறங்கப் போனவைபோல் கிடந்தன. செவெல்மா அவற்றைக் காலைப் பிடித்து ஒவ்வொன்றாக வெளியே இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது, அவள் கணவனின் அண்ணன் தம்தின் குந்தி உட்கார்ந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். நவம்பர் குளிரில் மண் கல்லாக இறுகியிருந்தது. நாலைந்து தடங்கள் மட்டும் சாணத்தூளில் பதிந்திருந்தன.

"கெழட்டு ஆண்" என்றார். "இடது முன்னங்கால ஊனாம இழுத்துப் போட்டிருக்கு பாரு. காட்டாட்டைத் துரத்த முடியாதவன்தான் பட்டிக்குள்ள எறங்குவான். ருசி கண்டுட்டான். திரும்ப வருவான்."

செவெல்மா நிமிர்ந்து மேலே பார்த்தாள். பட்டியின் கற்சுவருக்கு மேலே பழைய கம்பி வலை ஒரு மூலையில் கிழிந்து தொங்கியது. பனிச்சிறுத்தை அந்த வழியாகத்தான் இறங்கியிருந்தது. புது வலைச் சுருளை அவள் கணவன் லுவ்சான் கோடையிலேயே வாங்கிப் போட்டுவிட்டுத்தான் எல்லைக்கு நிலக்கரி லாரி ஓட்டப் போனான். சுருள் கூடாரத்துக்குப் பின்னால், சுற்றிய பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கப்படாமல் கிடந்தது. நாளைக்கு, நாளைக்கு என்று நான்கு மாதம் தள்ளிவிட்டாள். அன்று மதியமே அதை விரித்துக் கட்டினாள். கம்பி கிழித்து விரல் நுனிகளில் ரத்தம் உறைந்தது. பாதிச் சுருள் மிச்சமிருந்தது. அதைத் தன் பட்டிக்கு எடுத்துக்கொள்ளும்படி தம்தினிடம் சொன்னபோது, தனக்கு வலை வேண்டாம், துப்பாக்கி இருக்கிறது என்றார்.

சுடுவது சட்டப்படி குற்றம் என்பது இருவருக்கும் தெரியும். அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. செவெல்மாவுக்கு உறுத்தியது வேறு. வலையை மூடாமல் விட்டது அவள். அதற்கு உயிரைக் கொடுக்கப்போவது அந்த மிருகம். போதாததற்கு, அன்று விடியலில் ஊற்றுக்குத் தண்ணீர் எடுக்கப் போனபோது பனிக்கட்டியின் மேல் படிந்த தூசியில் வேறு தடங்களைப் பார்த்திருந்தாள். சின்னவை, இரண்டு சோடி. திரும்பிப் போய்க் காட்டுவதற்குள் காற்று கூட்டிப் பெருக்கிவிட்டது.

தம்தின் அவள் சொன்னதைக் கடைசிவரை கேட்டார். பிறகு மூக்குப்பொடிக் குப்பியைத் திறந்து ஒரு சிட்டிகை இழுத்தார்.

"குட்டியோட திரியறதை நான் சுட மாட்டேன். எங்கப்பாவும் சுட்டதில்ல. ஆனா நாப்பது வருஷமா தடம் பாக்கறவன் நான். நான் பாத்தது ஒருத்தனை. நீ பாத்தது நரியா இருக்கும்."

"நரித்தடம் எனக்குத் தெரியாதா அண்ணே?"

"அப்ப காட்டு. வெள்ளை மாசம் பொறந்து புது வருஷம் வர்ற வரைக்கும் நேரம் தர்றேன். அதுக்கப்புறம் குட்டி போடற காலம், ஆடுங்களை விட்டு நகர முடியாது. அதுக்குள்ள காட்டலன்னா நான் என் வழியப் பாத்துப்பேன்."

இப்படித்தான் செவெல்மா கேமரா கேட்டுப் போக நேர்ந்தது. ஆராய்ச்சி முகாமிலிருந்து ஆண்டுதோறும் பனிச்சிறுத்தை எண்ண வரும் உயங்கா, முந்தைய கோடையில் மேய்ச்சல் குடும்பத்துப் பெண்கள் ஆறு பேருக்கு இந்த வேலையைக் கற்றுக் கொடுத்திருந்தாள். செவெல்மா மோட்டார் சைக்கிளில் ஒரு நாள் முழுக்கப் போய் ஒரு பெட்டியை வாங்கி வந்தாள். உள்ளங்கை இரண்டும் சேர்ந்த அளவு, கல் நிறம். நடுவில் வட்டக் கண்ணாடி. அதற்குக் கீழே சூட்டையும் அசைவையும் உணரும் பால்நிறத் தகடு. எதிரே ஏதாவது வெப்பமான உடம்பு அசைந்தால் பெட்டி விழித்துக்கொண்டு படம் எடுக்கும். பிறகு தூங்கும். வெயில் பார்க்காமல் வடக்கே திருப்பி வை, முழங்கால் உயரத்தில் வை, எதிரே புல் இருந்தால் பிடுங்கிவிடு, இல்லாவிட்டால் காற்றடிக்கும்போதெல்லாம் புல்லையே படமெடுக்கும், கண்ணாடி அருகே மூச்சு விடாதே, உறைந்துவிடும். எல்லாம் சொல்லித்தான் அனுப்பினாள் உயங்கா.

வைக்கும் இடத்தைக் காட்டத் தம்தினே வந்தார். பழைய வேட்டைக்காரர். தான் சொன்ன கிழட்டு ஆணின் பல்லைப் படத்தில் தானும் பார்க்க வேண்டும் என்றார்.

அந்த மலைக்குப் பெயர் உண்டு. அதன் காதில் விழும்படி யாரும் சொல்வதில்லை. மேலே போகும்போது பனிச்சிறுத்தையின் பெயரையும் சொல்வதில்லை. புள்ளிக்காரர் என்பார்கள், அல்லது தலையை மட்டும் அந்தப் பக்கம் அசைப்பார்கள். கணவாயில் இருந்த கற்குவியலை மூன்று முறை வலம் வந்து ஆளுக்கொரு கல் போட்டுவிட்டு, முகட்டின் விளிம்போடு நடந்தார்கள். ஒரு பக்கம் பள்ளத்தாக்கில் அவர்கள் கூடாரங்கள் இரண்டும் மோர்த்துளிகளாய்த் தெரிந்தன. மறுபக்கம் மலைக்குப் பின்னால் மலையாக, கடைசியில் வானமா மலையா என்று தெரியாத நீலம்.

தம்தின் ஒரு பாறைக்கு எதிரே நின்றார். முன்பக்கம் கவிழ்ந்து குடைபோல் நீண்ட பாறை. அதன் அடிப்பகுதி கருத்துப் பளபளத்தது. கீழே மண்ணைப் பின்னங்கால்களால் பறித்து வைத்த சிறு குழிகள், பழையதும் புதியதுமாக. அவர் குல்லாயைக் கழற்றிவிட்டுப் பாறையை முகர்ந்தார். அவளையும் முகரச் சொன்னார். காரமான, சூடான வாசனை.

"எங்க தாத்தா காலத்துலேருந்து இதே பாறை" என்றார். "யார் செத்தாலும் அடுத்தவன் இங்கதான் வந்து மூத்திரத்தால எழுதிட்டுப் போவான்."

பாறையிலிருந்து நாலு எட்டு தள்ளி, கற்களை அடுக்கி, நடுவில் பெட்டியைப் பொருத்தினாள் செவெல்மா. தேதி, நேரம் சரிபார்த்தாள். பொத்தானைச் சோதனைக்குத் திருப்பினாள். எதிரே ஏதாவது போனால் சிவப்பு விளக்கு எரிய வேண்டும். மிருகத்தின் உயரத்தில் போய்ப் பார்க்க வேண்டும் என்பதால் அங்கியை இடுப்பில் செருகிக்கொண்டு நாலு காலில் ஊர்ந்தாள்.

தம்தின் ஒரு கல்லில் உட்கார்ந்து ரசித்தார்.

"ஆடு மாதிரி போறியே. உன்னைப் பாத்தா அவருக்குப் பசிதான் எடுக்கும்."

"நீங்க போய்க் காட்டுங்களேன் அண்ணே. வாய் மட்டும் நல்லா ஊருது."

சிரித்துக்கொண்டே எழுந்தார். துப்பாக்கியைக் கல்லில் சாய்த்து வைத்தார். மண்டியிட்டார். அதன் பிறகு சிரிப்பு இல்லை. தோள் இரண்டும் இறங்கின. கழுத்து முன்னால் நீண்டு முதுகோடு ஒரே கோடாயிற்று. வலது கை மண்ணைத் தொட்டபோது சத்தமில்லை. அந்தக் கை எடுத்த இடத்தில் முழங்கால் வந்து பதிந்தது, ஒரு கூழாங்கல்லும் நகரவில்லை. அறுபத்திரண்டு வயது ஆள், மூட்டு வலிக்கு மாத்திரை போடுகிறவர், பாறைக்கு அடியில் போய் முகத்தை உயர்த்தி நின்று, மெல்லத் திரும்பி அவள் இருந்த திசையைப் பார்த்தார். அந்தப் பார்வையில் அவளை அடையாளம் தெரிந்ததற்கான அறிகுறியே இல்லை.  விளக்கு எரிந்ததா என்று பார்க்க மறந்துவிட்டாள்.

"எரிஞ்சுதா?" என்றார், முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தபடி.

இன்னொரு முறை போகச் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. தானே ஆடுபோல் ஊர்ந்து பார்த்துக்கொண்டாள். எரிந்தது. இவ்வளவு தெரிந்தவர் எப்படிச் சுடுவார் என்று முதலில் நினைத்தாள். இவ்வளவு தெரிந்ததால்தான் ஒரு காலத்தில் சுட முடிந்தது என்று அடுத்த கணமே தோன்றியது.

கிளம்பும் முன் தம்தின் அங்கியின் மார்புக்குள் கைவிட்டு, துணியில் சுற்றிய வெண்ணெயை எடுத்தார். வீட்டுக்குப் புதுப்பொருள் எது வந்தாலும் மூத்தவர் மோதிர விரலால் வெண்ணெய் தொட்டு அதன் நெற்றியில் வைத்து வாழ்த்த வேண்டும். லுவ்சானின் மோட்டார் சைக்கிளுக்கு விளக்குக்கு மேலே வைத்தார். சூரியத் தகட்டுக்கு மூலையில், செவெல்மாவின் தையல் மெஷினுக்குச் சக்கரத்தில். பெட்டி தனக்கு எதிரான கட்சி என்பதற்காக அதை வாழ்த்தாமல் விடுகிற ஆள் இல்லை அவர்.

பெட்டியின் முன் குனிந்து கொஞ்சம் யோசித்தார். "இதுக்கு நெத்தி எது?"

செவெல்மா கடைசிக் கற்களைச் செருகிக்கொண்டிருந்தாள். நிமிராமலே சொன்னாள்: "அதுக்கு ஏது நெத்தி. எல்லாமே கண்ணுதான் அண்ணே."

"நல்லாப் பாரு, நிறையப் பாரு, பாத்ததை மறைக்காதே" என்று முணுமுணுத்தபடி தம்தின் வைத்தார். உடல் சூட்டில் இளகிய, தாராளமான வெண்ணெய். வாழ்த்துகிறவர் கையை யாரும் எட்டிப் பார்த்துச் சரிசெய்வதில்லை. உயங்கா சொன்ன எச்சரிக்கைகளில் புல் இருந்தது, வெயில் இருந்தது, மூச்சு இருந்தது. வெண்ணெய் இல்லை.

ஒரு மாதம் கழித்து, ஜனவரி முதல் வாரத்தில், அவள் தனியாக மேலே போனாள். பெட்டி முழுவதும் பனித்தூள் படிந்திருந்தது. ஊதக் கூடாது என்பதால் ஊதவில்லை. பக்கக் கதவைத் திறந்து, மரத்துப்போன விரல்களால் மெமரி கார்டை மாற்றிக்கொண்டு, வெளிச்சம் போவதற்குள் இறங்கிவிட்டாள்.

கூடாரத்தில் அடுப்பின் பக்கத்தில் உட்கார்ந்து கார்டைப் போனில் செருகினாள். இருநூற்றுப் பதினாலு படங்கள். முதல் படம் வெள்ளை. இரண்டாவதும் வெள்ளை. மூன்றாவது கொஞ்சம் சாம்பல். பால் தேநீருக்குள் பெட்டியை முக்கி வைத்தது போல ஒரே கலங்கல். இருநூற்றுப் பதினாலையும் பார்த்தாள். சிலவற்றில் கலங்கலுக்குள் ஏதோ கருமையாக நகர்ந்திருந்தது. அந்தப் பாறைக்கு எதிரே இந்த ஒரு மாதத்தில் யார் யாரோ வந்து நின்று, எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். ஒரு படத்தில் பெரிய நிழல் ஒன்று, அதன் கீழே உருண்டையாக இரண்டு. அவள் அந்தப் படத்தை மட்டும் வெகுநேரம் வைத்துக்கொண்டிருந்தாள். பெரிதாக்கினால் பால், சிறிதாக்கினால் பால்.

மறுநாள் சிக்னல் கிடைக்கும் மேட்டுக்கு ஏறி உயங்காவை அழைத்தாள். உயங்கா ஒவ்வொன்றாகக் கேட்டாள். வெயிலைப் பார்க்கிறதா, இல்லை. உள்ளே ஈரம் போயிருக்கிறதா, இல்லை. கண்ணாடியை யாராவது தொட்டார்களா?

 செவெல்மாவின் கண்முன்னே தம்தினின் மோதிர விரல் வந்தது.

"வெண்ணெய் வச்சோம்" என்றாள்.

 உயங்கா சொன்னாள்: "அக்கா, நான் இந்த வேலைக்கு வந்து ஒன்பது வருஷம். கண்ணாடி மேல நரி மூத்திரம் பாத்திருக்கேன். சிலந்தி குடும்பமே நடத்தினதைப் பாத்திருக்கேன். வெண்ணெய் இப்பத்தான்." சிரிப்பை அடக்கிக்கொண்டு, சுத்தமான துணியில் கொஞ்சம் வோட்கா நனைத்துத் துடைத்தால் போய்விடும் என்றாள்.

தம்தினிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. போனை வாங்கி, கையை நீட்டித் தள்ளிப் பிடித்துக்கொண்டு, கலங்கல் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். இரண்டு உருண்டைகள் இருந்த படத்தை அவள் காட்டினாள். கல் என்றார். கல் அங்கே கிடையாது என்றாள். அப்படியானால் அது நகர்ந்து வந்த கல் என்றார். பிறகு, போனைத் திருப்பிக் கொடுக்கும்போது, குரல் தாழ்ந்தது.

"கண்ணு தெறக்கணும்னுதான வச்சேன். வாழ்த்தினதை எப்படித் துடைக்கிறது?"

"துடைக்காட்டி ஒண்ணும் தெரியாதே அண்ணே."

"தெரியுது. வோட்கா வேணும்னாளா? அப்ப அந்தக் குப்பியை மேல தூக்கிட்டுப் போற வேலை என்னோடது. உன்னை நம்ப முடியாது."

போக முடியவில்லை. அன்றிரவு தொடங்கிய பனி நாலு நாள் கொட்டியது. அது நின்றதும் காற்று. கணவாயில் இடுப்பளவு பனி இறுகிப்போனது. குதிரை நெஞ்சை வைத்துத் தள்ளிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தது. செவெல்மா தினமும் காலையில் எரு அள்ள வெளியே வரும்போது முகட்டைப் பார்ப்பாள். நீல வானத்துக்கு எதிரே பனிப்புகை பறந்துகொண்டிருக்கும். அங்கே ஒரு குருட்டுப் பெட்டி மணிக்கு மணி விழித்து, பாலைப் படமெடுத்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருக்கிறது என்று நினைத்துக்கொள்வாள். அதன் எதிரே யார் நிற்கிறார்களோ.

பழைய ஆண்டின் கடைசி நாளான பித்தூன் வந்தது. அன்று எந்தக் கூடாரத்திலும் யாரும் அரைவயிற்றோடு படுக்கக் கூடாது. பசித்துப் படுத்தால் ஆண்டெல்லாம் பசி. இருவருமாகச் செய்த இறைச்சிக் கொழுக்கட்டையைத் தம்தின் இருபத்தாறு தின்றார். மறுநாள் வெள்ளை மாதம் பிறந்தது. புது அங்கி உடுத்தி, அவர் முழங்கைகளைத் தன் கைகளால் கீழிருந்து தாங்கி, அவள் முறைப்படி வாழ்த்துப் பெற்றாள். லுவ்சான் போனில் வாழ்த்தினான். கெடு முடிந்த நாள் அது.  விருந்தாளிகள் வந்து போனார்கள்.

நான்காம் நாள் காலையில் தம்தின் அவள் கூடாரத்துக்கு வெளியே வந்து நின்றார். குதிரைக்குச் சேணம் போட்டிருந்தது. தோளில் துப்பாக்கி.

"காத்து நின்னுடுச்சு. கணவாய்ல பனி இறுகி நடக்கற மாதிரி இருக்கும்" என்றார். "வா, உன் பெட்டியப் பாத்துடுவோம். வெண்ணெய் என்னோடது. அதனால இத்தனை நாள் பொறுத்தேன். அதுல ஒண்ணும் இல்லன்னா, நீ எறங்கிடு. நான் அப்படியே அந்தப் பக்கம் போறேன்."

நியாயமான பேச்சுதான். அதனாலேயே மறுக்க அவளுக்கு வழியில்லை. கார்டு மாற்றிய நாளிலிருந்து பெட்டி துடைக்கப்படாமல் இருக்கிறது. பாலைத் தவிர அதில் வேறென்ன இருக்கும்? அதைச் சொன்னால், வீணாக ஏன் ஏற வேண்டும், நான் மட்டும் போகிறேன் என்றுவிடுவார். சொல்லாமல் அங்கியை இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

குதிரைகளைக் கணவாய்க்குக் கீழே கட்டிவிட்டு நடந்தார்கள். கற்குவியல் பனிக்குள் பாதி புதைந்திருந்தது. வலம் வந்தார்கள். கல் கிடைக்காததால் ஆளுக்கொரு பனிக்கட்டியை வைத்தார்கள். முகட்டில் மூச்சுவிடும் சத்தம் தவிர வேறு ஓசையில்லை. வெயில் அடித்தும் சுடவில்லை. தம்தின் அடிக்கடி நின்று பனியைப் பார்த்தார். காற்று அதன் மேல்தோலை இழைத்து, கால் பதியாத அளவுக்கு இறுக்கி மெருகேற்றி வைத்திருந்தது, ஒரு தடமும் இல்லை.

பெட்டி அதன் இடத்தில் இருந்தது. தம்தின் வோட்காக் குப்பியைத் திறந்து, மோதிர விரலை நனைத்து வானத்துக்கும் மலைக்குமாகத் தெறித்துவிட்டு, துணியோடு அதன்முன் மண்டியிட்டார். கை பாதியில் நின்றது.

"நீ வந்து துடைச்சியா?"

"எப்ப? நானும் உங்க கூடத்தானே கீழ கெடந்தேன்."

அவள் அவர் தோளுக்கு மேலாகக் குனிந்தாள். பெட்டியின் மேலே பனி, பக்கத்தில் பனி. கண்ணாடி மட்டும் ஊற்றுக்கண்போல் தெளிந்திருந்தது. அதன் விளிம்புப் பள்ளத்தில்கூட ஒரு துளி கொழுப்பில்லை. தம்தின் கையுறையைக் கழற்றி, அடுக்கிய கற்களுக்கு நடுவே மாட்டியிருந்த எதையோ இரு விரலால் எடுத்தார். முடி. நீளமாக, அடியில் சாம்பல், நுனியில் வெள்ளை. அவர் அதை வெயிலில் பிடித்துப் பார்த்தார். 

செவெல்மா கார்டை எடுத்தாள். போன் குளிரில் அணைந்துவிடும் என்று மார்புக்குள் வைத்திருந்ததை வெளியே எடுத்து, இருவரும் காற்றுக்கு முதுகு காட்டிப் பாறை ஓரமாக உட்கார்ந்து, அவர் அங்கியின் நீண்ட கையை மேலே மூடிக்கொண்டு பார்த்தார்கள்.

பால். பால். பால். நூறு படத்துக்கு மேல் தள்ளினாள். தம்தினின் மூச்சு அவள் காதருகே சீராக வந்துகொண்டிருந்தது. பிறகு ஒரு படம் முழுக் கறுப்பு. அடுத்தது சிவப்பு. ஈரமான, இளஞ்சிவப்பான ஏதோ ஒன்று படம் முழுதையும் அடைத்துக்கொண்டு, அதன் மேலெல்லாம் வரிசை வரிசையாக முள்.

"இது என்ன?" என்றாள் செவெல்மா.

தம்தின் போனை வாங்கிக்கொண்டார். அடுத்த படத்தில் பால் ஓர் ஓரத்தில் வில்போல் வழித்து எடுக்கப்பட்டிருந்தது. அந்த வழியில் வானம் தெரிந்தது. அடுத்ததில் பாதி தெரிந்தது. அடுத்ததில் ஒரு மூக்கு, அதன் ஈரத்தின் மேல் வெயில், மீசை முடிகளில் பனிமணிகள். அதற்கடுத்த படத்தில் பால் இல்லை.

மூன்று எட்டு தள்ளி அது நின்றிருந்தது. அடியில் நின்று எடுத்ததால் மலையைவிட உயரமாகத் தெரிந்தது. சாம்பல் வெள்ளையில் ரோஜாப்பூ ரோஜாப்பூவாகப் புள்ளிகள். உடம்பளவு நீண்ட வால் பின்னால் பனியைத் தொட்டுக்கொண்டிருந்தது. வெளிர்ப் பச்சைக் கண்கள் நேராகக் கண்ணாடிக்குள் பார்த்தன. உதட்டை நக்கிக்கொண்டிருந்தது. இடது முன்னங்காலைத் தரையில் ஊன்றாமல் லேசாகத் தூக்கி வைத்திருந்தது.

"கால் நான் சொன்னதுதான்" என்றார் தம்தின். 

அடுத்த படத்தில் அது திரும்பியிருந்தது. அதன் வயிற்றுக்குக் கீழே, பின்னங்கால்களுக்கு நடுவிலிருந்து, ஒரு முகம். காதுகள் தலைக்குப் பொருந்தாத அளவு பெரிது. அதன் முதுகில் ஏறி, தானும் பெட்டியைப் பார்க்க வேண்டும் என்று எட்டிக்கொண்டு இன்னொன்று.

இருவரும் வெகுநேரம் அடுத்த படத்துக்குப் போகவில்லை. திரை மங்கியது, செவெல்மா விரலால் தொட்டு வெளிச்சத்தை மீட்டாள். மறுபடி மங்கியது, மறுபடி தொட்டாள். இந்த மலையடியில்தான் அவள் இருபத்து நான்கு வருடமாகத் தேநீர் காய்ச்சுகிறாள். தான் எரு அள்ளிய காலைகளிலெல்லாம் மேலே இந்தக் கண்கள் திறந்திருந்தன என்று நினைத்தபோது அவளுக்கு அழுகை வரும்போல் இருந்தது. வருத்தம் ஒன்றுமில்லை. நெஞ்சில் இடம் போதவில்லை.

தம்தின் படத்தின் அடியிலிருந்த எண்களைக் காட்டினார். "என்னைக்கு எடுத்தது இது?"

தேதியைப் படித்தாள். விரலால் எண்ணினாள். "பித்தூன் அன்னிக்கு. சாயங்காலம் அஞ்சே கால்."

அவர் தலையை ஆட்டினார். "அதான பாத்தேன். அன்னைக்கு யாரும் அரைவயித்தோட படுக்கக் கூடாதுல்ல."

அதன் பிறகு வந்த படங்கள் எல்லாம் தெளிவு. கொம்பில் பனி சுமந்த காட்டாட்டுக் கிடாய். ஒரு நரி. சிவப்பு மூக்குக் காகங்கள். இரவுப் படங்கள் கறுப்பு வெள்ளையில்; ஒன்றில் தாயும் இரண்டு குட்டியும் பாறைக்கடியில் மாறி மாறிக் கன்னத்தைத் தேய்க்க, மூன்று சோடிக் கண்களும் விளக்காய் எரிந்தன. பிறகு பனி, வெயில், வெறும் பாறை. கடைசிக்கு முந்தைய மூன்று படங்களில் தாய் தனியாகப் பாதையின் விளிம்பில் படுத்திருந்தது. பெட்டியைப் பார்க்கவில்லை. தலையைத் தொங்கவிட்டுக் கீழே பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டிருந்தது. கடைசிப் படத்தில் ஒரு கை, வோட்காத் துணி, தம்தினின் முகம், வாய் திறந்தபடி.

செவெல்மா இரண்டின் நேரத்தையும் பார்த்தாள். இன்றைய தேதி. தாய் படுத்திருந்தது ஒன்பது நாற்பதுக்கு. தம்தின் முகம் பத்து ஐம்பத்தைந்துக்கு. ஒன்பது நாற்பதுக்கு அவர்கள் கணவாய்க்குக் கீழே குதிரைகளைக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

அவள் சொல்வதற்குள் அவரே பார்த்துவிட்டார். இருவரும் ஒரே நேரத்தில் தலையை உயர்த்தினார்கள். எதிரே சரிவு முழுக்கப் பாறைகள், சாம்பலும் வெள்ளையுமாக, நிழலும் வெயிலுமாக. தம்தினின் கண்கள் வலமிருந்து இடமாக, ஒவ்வொரு பாறையாகத் தொட்டுப் போயின. நாற்பது வருடம் பார்த்த கண்கள். முழுதும் பார்த்து முடித்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். எங்கும் ஒன்றும் அசையவில்லை. எங்கோ இருந்து தங்களைப் பார்க்கிறது என்பதில் இருவருக்கும் சந்தேகமும் இல்லை.

மெல்ல எழுந்து குல்லாயைக் கழற்றினார். வெள்ளை மாதத்தில் மூத்தவர் வீட்டுக்குள் நுழைகிறவர் நிற்பதுபோல் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு துப்பாக்கியின் தாழைப் பின்னால் இழுத்துத் தோட்டாவை வெளியே எடுத்து, மூக்குப்பொடிக் குப்பியோடு மார்புக்குள் போட்டுக்கொண்டார். போட்ட கை, வெளியே வரும்போது துணிப்பொதியோடு வந்தது.

செவெல்மா புதுக் கார்டைச் செருகிக் கதவை மூடிக்கொண்டிருந்தாள். "அண்ணே" என்றாள், எச்சரிக்கையாக.

"பயப்படாத. கண்ணுல வைக்கல."

பாறைக்கு அந்தப்பக்கம், தட்டையான ஒரு கல்லின் மேல், இருந்த வெண்ணெய் மொத்தத்தையும் வழித்து வைத்தார். விரலைத் தன் அங்கியில் துடைத்துக்கொண்டார். "அந்த உயங்காப் பொண்ணுகிட்ட சொல்லிடாத. இதுக்கும் ஒரு சட்டம் வச்சிருப்பா."

இறங்கும்போது அவர் முன்னால் நடந்தார். கணவாய் தாண்டியதும் குதிரைகளின் முதுகு கண்ணில் பட்டது. அங்கே செவெல்மா நின்றாள். மேலே இருந்தபோது வராத துணிச்சல் அங்கே வந்தது.

"அன்னைக்கு வலை கிழிஞ்சிருந்தது அண்ணே. கோடையிலேருந்து நான்தான் கட்டாம விட்டேன். அதுமேல தப்பில்ல."

"தெரியும்" என்றார் தம்தின். "அன்னைக்குத் தரையப் பாக்கறதுக்கு முன்னாடி நான் மேலதான் பாத்தேன்."

சேணவாரை இறுக்கினார். குதிரை மூச்சை உப்பி வைத்துக்கொண்டு ஏமாற்றப் பார்த்தது. வயிற்றில் தட்டி மறுபடி இறுக்கினார். ஏறி உட்கார்ந்த பிறகுதான் கேட்டார்.

"அந்த மிச்சச் சுருள் இருக்கா, யாருக்காவது குடுத்துட்டியா?"

"இருக்கு. பாதி."

"என் பட்டிக்குப் போதுமா?"

அவள் மனதுக்குள் அவர் பட்டியின் சுவரை ஒருமுறை சுற்றி வந்தாள். "ரெண்டு முழம் குறையும். என் பழைய வலையில நல்ல துண்டு இருக்கு. ஒட்டுப் போட்டுக்கலாம்."

"அப்ப இன்னைக்கே கட்டிடுவோம், வெளிச்சம் இருக்கு" என்றார். குதிரையைத் திருப்பும் முன் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, முகட்டைப் பார்த்தார்.